மேலே போன மண்

இயந்திரவியல் துறை, மூன்றாம் ஆண்டு

ஆண்டு மலர் என்றால் நாலு புதுக்கவிதை, நட்பைப் பற்றி ஒரு கட்டுரை, துறைத்தலைவரின் வாழ்த்துரை, பக்க மூலைகளில் கடி ஜோக்குகள் என்பதுதான் வழக்கம். நான் எழுதப் போவது ஒரு தீவைப் பற்றி. அந்தத் தீவு எந்த வரைபடத்திலும் கிடையாது. அது கடலில் இல்லை, ஆகாயத்தில் மிதக்கிறது. ஒரு வீடியோ கேமிலும், அந்த கேமுக்காக ஜப்பானில் வரைந்த 32 பக்கச் சித்திரக்கதை ஒன்றிலும் அது இருக்கிறது. “இதெல்லாம் ஒரு சப்ஜெக்டா?” என்று மலர்க்குழு நண்பர் ஒருவர் கேட்டார். முழுசாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

கேமின் பெயர் ‘லெஜண்ட் ஆஃப் செல்டா: ஸ்கைவர்ட் ஸ்வார்ட்’. நின்டெண்டோ கம்பெனி 2011 நவம்பரில் ‘வீ’ என்ற கருவிக்காக வெளியிட்டது. 2021 ஜூலையில் ‘ஸ்விட்ச்’ கருவிக்காகப் புதுப்பித்து விட்டார்கள். கையில் இருக்கும் கன்ட்ரோலரை எந்தப் பக்கம் வீசுகிறோமோ அந்தப் பக்கமே திரையில் இருப்பவனின் வாளும் வீசும். உள்ளே நகத்தளவு சிப்பில் ஒரு ஜைரோஸ்கோப் இருக்கிறது. தியரி வகுப்பில் பம்பரத்தை வைத்து நமக்குச் சொன்னார்களே, அந்தச் சங்கதிதான். என் அறை நண்பனின் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வரும்போது அந்த ஸ்விட்சைக் கொண்டுவந்தார். போன செமஸ்டர் முடிந்து பாதி ஹாஸ்டல் காலியாகிக் கிடந்த பத்து நாள், நாங்கள் நாலு பேர் முறை வைத்து விளையாடினோம். என் முறை வரும்போது சண்டை போடாமல் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று மற்ற மூன்று பேரும் திட்டினார்கள். எனக்கு அந்த ஊர் அவ்வளவு பிடித்துப்போய்விட்டது.

ஊரின் பெயர் ஸ்கைலாஃப்ட். மேகத்துக்கு மேலே மிதக்கும் ஒரு பெரிய பாறைத் திட்டு. அதன் மேல் புல்வெளி, வீடுகள், கூரை போட்ட ஒரு சந்தை, ஒரு தேவியின் பெரிய சிலை, ஒரு கல்லறைத் தோட்டம். நடுவில் ஆறு ஒன்று ஓடி, விளிம்புக்கு வந்ததும் அப்படியே அந்தரத்தில் அருவியாகக் கொட்டுகிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து ஊறுகிறது, கொட்டிய பிறகு எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அங்கே ஒவ்வொருவருக்கும் சவாரி செய்ய ஒரு பெரிய பறவை உண்டு. லாஃப்ட்விங் என்று பெயர். விளிம்பிலிருந்து தைரியமாகக் குதித்துவிட்டு விசில் அடித்தால் பறவை கீழே வந்து தாங்கிக்கொள்ளும். இருட்டில் இந்தப் பறவைகளுக்குப் பார்வை போதாது. அதனால் இரவில் சவாரி கிடையாது, காவலுக்கு மட்டும் வீரர்கள் சுற்றுவார்கள்.

காசுக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? ‘ரூப்பி’. ஆங்கிலத்தில் நம்ம ரூபாய்க்கு உள்ள எழுத்துதான், ஓர் எழுத்துகூட மாற்றம் இல்லை. வானத்தில் ஒரு கடையும் பறக்கிறது. அதை நடத்துகிறவன் பீடில். கடைக்கு எஞ்சின் கிடையாது. அவனே உட்கார்ந்து சைக்கிள் மாதிரி பெடல் மிதித்து ஓட்டுகிறான். உள்ளே போய் வேடிக்கை பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் கிளம்பினால், தரையில் ஒரு கதவைத் திறந்து கீழே தள்ளிவிட்டுவிடுவான்! காலையிலிருந்து மிதிக்கிறவனுக்கு அந்தக் கோபம் வரத்தான் செய்யும் என்று எனக்குப் பட்டது.

இந்தக் கதையின் நாயகன் லிங்க் ராஜகுமாரன் அல்ல, ஹாஸ்டல் மாணவன். ஸ்கைலாஃப்டில் வீரர்களைப் பயிற்றுவிக்கும் அகாடமி ஒன்று இருக்கிறது. அதன் அறை ஒன்றில் அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போதுதான் கதையே தொடங்குகிறது. தலைமை ஆசிரியரின் மகள் செல்டா. பிராக்டிகல் தேர்வு மாதிரி ஒரு பறவைப் பந்தயம் உண்டு, ஜெயிப்பவனுக்கு மேல் வகுப்பு. பந்தயத்தன்று காலையில் குரூஸ் என்ற முரட்டு மாணவனும் அவனுடைய இரண்டு கைத்தடிகளும் லிங்க்கின் பறவையைப் பிடித்து அருவிக்குப் பின்னால் ஒரு குகையில் அடைத்துவிடுகிறார்கள். எல்லாக் கல்லூரியிலும் ஒரு குரூஸ் இருப்பான் போலிருக்கிறது! (நம்மூர் குரூஸ் யார் என்று நான் எழுதப் போவதில்லை.) வீரர்களுக்குத் தரும் சீருடையின் நிறம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். லிங்க்குக்கு வந்த ஆண்டின் நிறம் பச்சை.

பிப்பிட் என்று ஒரு சீனியர் வருகிறான். இரவில் ரோந்து சுற்றுகிறவன். அவன் அம்மாவின் வீடு தூசி அடைந்து கிடக்கும். லிங்க் போய்ச் சுத்தம் செய்து கொடுத்தால் அந்த அம்மா காசு கொடுப்பாள். பிறகு ஓர் இரவு அந்த வீட்டுப் பக்கம் போனால், பிப்பிட் தன் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பான். வீட்டைக் கூட்டுவதற்கு ஏன் காசு கொடுத்தாய் என்று கேட்டு! ராட்சசனையும் ராஜகுமாரியையும் எத்தனையோ கதையில் பார்த்தாகிவிட்டது. ஆகாயத்தில் மிதக்கிற ஊரில்கூட ஒரு வீட்டில் காசுக்காகச் சத்தம் போட்டுக்கொள்கிறார்கள் என்று காட்டினார்களே, அந்த இடத்தில்தான் எனக்கு அந்த ஊர் நிஜமாயிற்று.

சரி, தீவு எப்படி மிதக்கிறது? நாம் படிப்பது டெக்னிக்கல் படிப்பு. இந்தக் கேள்வியைக் கேட்காமல் போனால் ஒர்க் ஷாப் சார் கோபித்துக்கொள்வார்.

மிதக்கும் தீவு என்ற எண்ணம் புதுசு அல்ல. 1726-இல் வந்த கல்லிவர் யாத்திரை நூலில் ஜோனதன் ஸ்விஃப்ட் லாபுடா என்ற பறக்கும் தீவை எழுதியிருக்கிறார். சிறுவர் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். விட்டம் 7837 கஜம் என்று துல்லியமாகக் கணக்கே கொடுத்திருக்கிறார். தீவின் நடுவே ஆறு கஜ நீளமுள்ள ஒரு காந்தக்கல் அச்சில் சுழலும்படி இருக்கிறதாம். அதைச் சாய்க்கிற பக்கம் தீவு போகுமாம். கீழே உள்ள ஜனங்கள் ராஜாவை எதிர்த்துக் கலகம் செய்தால், தீவைக் கொண்டுபோய் அவர்கள் தலைக்கு நேரே நிறுத்தி வெயிலும் மழையும் படாமல் செய்துவிடுவார்களாம். ஸ்விஃப்ட் காலமாகி ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 1842-இல் எர்ன்ஷா என்பவர் நிலையான காந்தங்களை மட்டும் வைத்து ஒரு பொருளை அந்தரத்தில் ஆடாமல் நிறுத்த முடியாது என்று கணக்குப் போட்டு நிரூபித்தார். ஆக, காந்தம் அடிபட்டுப் போகிறது. 1994-இல் வந்த ஸோனிக் கேமில் ஏஞ்சல் தீவு என்று ஒன்று மிதக்கிறது. அதற்குக் காரணம் ஒரு பெரிய மரகதம். மரகதத்தை எடுத்துவிட்டால் தீவு கடலில் விழுந்துவிடும். நம் பழைய இலக்கியத்திலும் அந்தரத்தில் தொங்கிய கோட்டையை அழித்த சோழன் ஒருவன் வருகிறான். ‘தூங்கெயில்’ என்று அதற்குப் பெயர், தொங்கும் கோட்டை என்று அர்த்தம். அது எப்படித் தொங்கியது என்று அங்கேயும் யாரும் விளக்கவில்லை.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்கைலாஃப்டின் மேற்பரப்பு 400 மீட்டர் விட்டம், ஆழம் 100 மீட்டர், கீழே கூம்பு வடிவம் என்று வைத்துக்கொள்வோம். (இது நானாக வைத்துக்கொண்ட அளவு.) கூம்பின் கன அளவு சுமார் 42 லட்சம் கன மீட்டர். எடை தெரிய வேண்டுமானால் கல்லின் அடர்த்தி வேண்டும். புத்தகம் ஹாஸ்டலில் இருந்தது. நான் பொங்கல் லீவில் வீட்டில் இருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் கேட்டேன்.

எங்கள் அப்பா கல் குவாரியில் வேலை செய்கிறவர். சம்மட்டி பிடிக்கத் தொடங்கி இருபத்தாறு வருஷம் ஆகிறது. வெடிச் சத்தத்தில் இடது காது மந்தம். அதனால் எப்போதும் வலது பக்கம் போய் உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

“அப்பா, ஒரு கன அடி கருங்கல்லு என்ன வெயிட்டு இருக்கும்?”

“எழுபத்தஞ்சு கிலோவுக்குக் கொறையாது. எழுபத்தாறுன்னு வச்சுக்க. ஏன், வீடு கட்டப் போறியா?”

எழுபத்தாறை கன மீட்டருக்கு மாற்றிப் பார்த்தேன். 2684 கிலோ வந்தது. லீவு முடிந்து ஹாஸ்டலுக்கு வந்து புத்தகத்தைத் திறந்து பார்த்தால், கிரானைட்டுக்கு 2600-லிருந்து 2700 வரை என்று போட்டிருக்கிறது! அப்பா பள்ளிக்கூடத்துப் பக்கம் போனது இரண்டே வருஷம். கையெழுத்து மட்டும் போடுவார். தூக்கித் தூக்கி அடர்த்தியைத் தெரிந்துவைத்திருக்கிறார்.

அன்று திண்ணையிலேயே கணக்கை முடித்தேன். தீவின் எடை ஏறக்குறைய 1 கோடியே 12 லட்சம் டன். இதை பலூன் கட்டித் தூக்குவதாக இருந்தால், ஒரு கன மீட்டர் ஹீலியம் வாயு சுமார் ஒரு கிலோவைத்தான் தூக்கும். அப்படியானால் ஆயிரம் கோடி கன மீட்டருக்கு மேல் ஹீலியம் வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் இரண்டு கிலோமீட்டரைத் தாண்டும் ஒரு பெட்டி நிறைய! தீவைவிட பலூன்தான் பெரிசாக இருக்கும். அப்பாவுக்கு ஹீலியம் புரியவில்லை, லோடு கணக்கில் சொல்லச் சொன்னார். லாரிக்கு இருபது டன் என்றால் ஐந்தரை லட்சம் லோடுக்கு மேல். ஒரு நாளைக்கு அறுபது லோடு என்று லீவே விடாமல் ஓடினாலும் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகும்.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “அப்ப எங்க குவாரிலேர்ந்து நான் வந்த நாள்லேர்ந்து போன கல்லு பூரா ஒண்ணாச் சேத்து மேல வச்ச மாதிரின்னு சொல்லு” என்றார். சிரித்தார். “கீழ எவ்வளவு பெரிய பள்ளம் விழுந்திருக்கும்!”

இந்தப் பள்ளத்தை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. கேமை விளையாடும் யாரும் நினைக்க மாட்டார்கள். தீவு மேலே இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு காலத்தில் அது பூமியிலிருந்து பிய்த்து எடுக்கப்பட்டது என்றால், எடுத்த இடம் என்று ஒன்று இருக்குமே! குவாரிக்காரருக்குத்தான் அது முதலில் தோன்றுகிறது.

அந்தச் சித்திரக்கதையை நான் மறுபடி எடுத்துப் படித்தது இந்தப் பேச்சுக்குப் பிறகுதான். செல்டா கேம் வரிசை 1986-இல் தொடங்கியது. அதன் இருபத்தைந்தாவது ஆண்டையொட்டி 2011 டிசம்பரில் ஜப்பானில் ‘ஹைரூல் ஹிஸ்டோரியா’ என்று ஒரு பெரிய புத்தகம் போட்டார்கள். ஆங்கிலத்தில் 2013-இல் வந்தது. பச்சை அட்டை, செங்கல் மாதிரி கனம். நண்பனின் சித்தப்பா ஸ்விட்சோடு இதையும் கொண்டுவந்திருந்தார். ஜப்பானில் சித்திரக்கதைக்கு மாங்கா என்று பெயர். அதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இந்தப் புத்தகத்தில் உள்ள 32 பக்க மாங்காவை வரைந்தவர் அகிரா ஹிமேகாவா. அது ஓர் ஆளின் பெயர் அல்ல, இரண்டு பெண்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயர். செல்டா கேம்கள் பலவற்றை இவர்கள்தான் மாங்காவாக வரைந்திருக்கிறார்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் தடவை படிக்க எனக்கு இரண்டு ராத்திரி ஆயிற்று.

கேம் தொடங்கும்போது தீவின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். பூமி பிளந்து தீய சக்திகள் வந்தன. தேவி ஹைலியா, உயிர் பிழைத்த மனிதர்களை ஒரு மண் திட்டில் சேர்த்து மேகத்துக்கு மேலே அனுப்பிவிட்டாள். அவ்வளவுதான். மாங்கா அந்த நாளுக்கே நம்மைக் கூட்டிப் போகிறது. அங்கே வரும் லிங்க் வேறு ஒருவன், முதல் லிங்க் என்று சொல்லலாம். நல்ல வீரன். செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் கிடக்கிறான். யுத்தம் கைமீறிப் போன பிறகுதான் இவன் ஞாபகம் வருகிறது. அடைத்துவைத்தவர்கள் பக்கத்துக்காகவே சண்டைபோட வேண்டிய நிலை. சிவப்பு லாஃப்ட்விங் ஒன்று அவனிடம் வருகிறது, தேவி வாளைத் தருகிறாள், போருக்குப் போகிறான். மண் மேலே எழும்புகிறது. ஜனங்கள் பிழைத்துவிட்டார்கள். அவன் கீழே, காயத்தோடு விழுந்து உயிரை விடுகிறான். தன் தெய்வ நிலையை விட்டுவிட்டு மனுஷியாகப் பிறந்து உன்னை மறுபடி சந்திப்பேன் என்று தேவி அவனுக்கு வாக்குக் கொடுக்கிறாள்.

அந்தப் பக்கங்களைப் பார்த்த பிறகு கேமில் ஸ்கைலாஃப்டின் புல்வெளியில் முன்மாதிரி நடக்க முடியவில்லை. சந்தையில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிற ஒருவருக்கும் அவனைப் பற்றித் தெரியாது. கீழே ஒரு பூமி இருக்கிறது என்பதே அவர்களுக்குப் பழங்கதை. காந்தக்கல், மரகதம் என்று மற்றவர்கள் சொன்ன காரணங்களைவிட, ஒருத்தன் கீழே நின்று செத்தான் என்று இந்த இரண்டு பெண்கள் சொன்ன காரணம் எனக்குச் சரியாகப் பட்டது. பிசிக்ஸ்படி அது பதிலே இல்லை என்பது எனக்கும் தெரியும்.

ஸ்விஃப்டின் தீவில் மேலே இருப்பவர்கள் கெட்டவர்கள். வேண்டுமென்றே வெயிலை மறைக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களைத் திட்டிவிடுவது சுலபம். ஸ்கைலாஃப்டில் ஒருத்தரும் கெட்டவர்கள் இல்லை. அந்த குரூஸ்கூடப் பின்னால் நல்லவனாகி, தன் கையாலேயே ஒரு பெரிய கவண் எந்திரம் செய்து சண்டைக்கு உதவுகிறான். நல்ல ஜனங்கள்தான். அவர்களுக்குக் கீழே மேகம் மூடியிருக்கிறது, அதனால் தெரியவில்லை.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான் ஒருவன்தான். என்னைவிட அக்கா நன்றாகப் படிப்பாள் என்று அவளுடைய கணக்கு டீச்சர் இன்னும் சொல்கிறார். அவள் பத்தாவது படிக்கும்போது அம்மாவுக்கு ஆபரேஷன். வீட்டைப் பார்க்க ஆள் இல்லை. பரீட்சை எழுதவில்லை. பிறகு வயசு வந்ததும் ஸ்பின்னிங் மில்லுக்குப் போனாள். என் செமஸ்டர் ஃபீஸ், ஹாஸ்டல் மெஸ் பில், மினி டிராஃப்டர், முதல் வருஷம் வாங்கிய ஒர்க் ஷாப் காக்கி யூனிஃபார்ம் எல்லாம் அவள் சம்பளத்தில்தான். இந்த ஏப்ரலோடு என் டிப்ளமோ முடிகிறது. நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேரு என்கிறாள் அக்கா. அது இன்னும் மூன்று வருஷம். கேம்பஸில் ஒரு கம்பெனி வரும் என்கிறார்கள், வேலைக்குப் போகிறேன், நீ மில்லை விடு என்கிறேன் நான். இது பொங்கல் முழுக்க நடந்த சண்டை. “நீ மேல போடா, என்னயப் பத்தி என்ன?” என்று ஒரு வார்த்தை சொன்னாள். ‘மேல’ என்ற அந்தச் சொல் இல்லாவிட்டால் ஒருவேளை இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

கோபம் தணிந்த மறுநாள் அவளுக்கு நைட் ஷிஃப்ட். மத்தியானம் தூங்கி எழுந்து, தினத்தாள் போட்டுச் சுற்றிவைத்திருந்த அந்தப் புத்தகத்தைப் பிரித்தாள். நாம் புரட்டுகிற பக்கமிருந்தே புரட்டினாள். இந்தப் பக்கமிருந்து பார்க்கணும் என்று சொல்லி, 32 பக்கத்தையும் ஒவ்வொரு கட்டமாக அவளுக்குக் கதை சொன்னேன். சிறையில் கிடந்தவனின் கதை அவளுக்கு அழுகை வரும்படி இருக்கும் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. கேள்வி கேட்டாள்.

“மனுசங்கள மட்டும் மேல ஏத்திட்டா. அப்ப கீழ வேற யாருமே இல்லயா?”

இருந்தார்கள். கேமின் முன்கதையிலேயே அது வருகிறது. மனிதர்களைப் பத்திரமாக மேலே அனுப்பிய பிறகு, பூமியில் இருந்த மற்ற இனத்தாரோடு சேர்ந்துதான் தேவி போரிட்டாள். ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். நானும் அதை வேகமாகத் தாண்டிப் போயிருந்தேன். அக்கா தாண்டவில்லை.

லிங்க் மேகத்தைக் கிழித்துக் கீழே இறங்கும்போது அவர்களில் பலருடைய வாரிசுகளைப் பார்க்கிறான். காட்டில் கிக்வி என்று ஓர் இனம். ஆளைக் கண்டால் பயந்து செடி மாதிரி குனிந்து ஒளிந்துகொள்ளும். எரிமலைப் பக்கம் மோக்மா, மண்ணுக்குள் சுரங்கம் தோண்டித் திரிகிறவர்கள். ஏரிக்குள் பாரெல்லா. பாலைவனத்தில் துருப்பிடித்துச் செத்துக் கிடக்கும் ரோபோக்கள். அவை ஒரு காலத்தில் சுரங்க வேலை செய்தவை. அங்கே ஒரு விசேஷக் கல் இருக்கிறது. அதை அடித்தால் கல்லைச் சுற்றிக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் பழைய காலம் திரும்பிவரும். மணல் புல்லாக மாறும். செத்த ரோபோ எழுந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரும், நம்மோடு பேசும். வட்டத்தைத் தாண்டினால் மறுபடி துரு. கேமில் நான் அதிக நேரம் நின்ற இடம் அது.

கீழே கோர்கோ என்று ஒருவனும் உண்டு. கோரான் இனம், ஆராய்ச்சிக்காரன். இடிந்த சுவர்களையும் பழைய கற்களையும் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டே அலைகிறவன். ஆகாயத்தில் ஒரு தீவு இருக்கிறது என்ற கதை அவனுக்குத் தெரியும். மேலே இருப்பவர்கள் கீழே ஒன்றும் இல்லை என்கிறார்கள். கீழே இருக்கிறவனோ மேலே இருப்பவர்களைப் பற்றிக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறான்!

மேலே ஸ்கைலாஃப்ட் சந்தையில் கோண்டோ என்ற மெக்கானிக்கின் கடையில் ஒரு பழைய ரோபோ மூலையில் கிடக்கிறது. பல தலைமுறையாக ஓடாமல் கிடக்கும் சாமான். அதை ஓட்டவைக்க வேண்டிய எண்ணெய், கீழே பாலைவனத்துப் பழங்காலப் பூ ஒன்றிலிருந்து வருகிறது. எண்ணெய் போட்டதும் ரோபோ எழுந்துகொள்கிறது. இதைச் சொன்னபோது அப்பா திண்ணையிலிருந்தே, “கம்ப்ரஷரும் அப்படித்தான், ஆயில் இல்லாமப் போட்டுட்டா அவ்வளவுதான்” என்றார். வலது காதால் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

கடைசியில் என்ன ஆகிறது என்று அக்கா கேட்டாள். சிலை நின்ற பகுதி தீவிலிருந்து பிரிந்து கீழே இறங்குகிறது. ஒரு காலத்தில் மேலே போன மண், பழைய இடத்துக்கே வந்து உட்காருகிறது. எல்லாம் முடிந்த பிறகு செல்டா ஊருக்குத் திரும்பவில்லை. கீழேயே இருக்கப் போகிறேன் என்கிறாள். நீ என்ன செய்யப் போகிறாய் என்று லிங்க்கைக் கேட்கிறாள். அவன் பதில் சொல்வதை நமக்குக் காட்டுவதில்லை.

“அவன் என்னதான் செஞ்சான்?”

“தெரியாதுக்கா. அதோட முடிஞ்சிருது.”

“நல்லா முடிச்சாங்க போ.”

மில் பஸ் வர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. தலையைப் பின்னிக்கொண்டே, “கீழ இருந்தவங்க பேரு சொன்னியே, அத இன்னொரு தடவ சொல்லு” என்றாள். கிக்வி, மோக்மா, பாரெல்லா, கோரான் என்று சொன்னேன். ரோபோக்களுக்கு அந்தப் பாலைவனத்தின் பெயர்தான், லனாய்ரு, என்றேன். ஒவ்வொன்றையும் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். ‘மோக்மா’ என்று சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எங்க ஸ்பின்னிங் செக்‌ஷன்ல ஒரு பிள்ளைக்கு இந்தப் பட்டப்பேரு வைக்கலாம்” என்று சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஓடினாள்.